புதன்கிழமை எடுத்த படங்கள்

எல்லாம் உள்ளேதான் இருக்கு சார், கதவுதான் திறக்க மாட்டேங்கு என்று ஷமீமா சொன்னாள். சொல்லும்போதே என் போனின் முதுகைச் சூடு காட்டி உரித்து ஓரமாக வைத்துவிட்டாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஜங்ஷன் பக்கத்து மாடிக்கடை, இரண்டு ஸ்டூல், ஒரு மேசை, மேசைமேல் பூதக்கண்ணாடி வைத்த ஒரு கருவி, அதற்குள் கண்ணை விட்டபடியே பேசுகிறாள். போனை இரண்டு கடைகளில் காட்டியாகிவிட்டது. ஒருவன் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க என்றான். இன்னொருவன்தான் உள்ள இருக்கது வேணும்னா மாடியில ஒரு அக்கா இருக்காவ, அவியகிட்ட போங்க என்றான். உள்ளே இருப்பதுதான் எனக்கு வேண்டும். ஆறு வாரத்துக்கு முந்தின ஒரு புதன்கிழமை வேண்டும். டாக்டர் என் தலையைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, அன்னைக்கு நடந்தது எதுவும் அழிஞ்சு போகல நயினார், பதியவே இல்ல, பதியாதத எங்க போய்த் தேடுவீங்க என்று கேட்டார். நல்ல மனிதர், தோளில் தட்டித்தான் சொன்னார். எனக்கு அந்த நிமிஷமே போன் ஞாபகம் வந்தது. என் தலையில் பதியவில்லை என்றால் என்ன, சட்டைப்பையில் ஒன்று பதிந்துகொண்டிருந்ததே. அதில் ஒரு படமாவது எடுத்திருக்க மாட்டேனா. பக்கத்து ஸ்டூலில் என் மனைவி உலகம்மை மடியில் துணிப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பஸ்ஸில் யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்பதுபோல. ரெண்டு மணி நேரம் ஆகும், இருக்கீயளா, போயிட்டு வாறீயளா அக்கா என்று ஷமீமா கேட்டதற்கு, என்னை முந்திக்கொண்டு, இருக்கோம் என்று அவள்தான் சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தப் போனை வீட்டு பீரோவில் தன் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தவளே அவள்தான். நான் கேட்ட ஒவ்வொரு முறையும் அது எதுக்கு இப்போ, உயிர் பிழைச்சதே பெருசு என்று பேச்சை மாற்றினாள். இன்று காலை நானாகத் தேடி எடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் சேலை மாற்றிக்கொண்டு கூட வந்துவிட்டாள்.

கடைசியாக எனக்குத் தெரிவது இஸ்திரிப் பெட்டி. அதன் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. நீலச் சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டேன், சமையலறையில் குக்கர் ஒரு விசில் அடித்தது, இரண்டாவது விசில் அடித்ததா இல்லையா என்பது தெரியாது. அதற்கு அடுத்ததாக இருப்பது ஆஸ்பத்திரிக் கூரையில் சுற்றுகிற மின்விசிறி. ஒரு விசிலுக்கும் ஒரு மின்விசிறிக்கும் நடுவில் ஒன்றேமுக்கால் நாள். இடைவெளி மாதிரிகூட இல்லை, அதுதான் விசித்திரம். தூங்கி எழுந்தால் தூங்கினோம் என்றாவது தெரியும், இதில் அந்த விசிலும் விசிறியும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே நிமிர்ந்து கூரையைப் பார்த்தவன்போல. மற்றதெல்லாம் பிறர் சொன்னது. ரயில்வே டிக்கெட் கவுண்டரில் என்னோடு வேலை பார்க்கும் பிலவேந்திரன் சொன்னது: பத்தேகால் மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முடியல, அரை நாள் லீவு போட்டுருங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேனாம். பால்வண்டி ஓட்டுகிற இசக்கி சொன்னது: மணி நாலரை தாண்டி, களக்காட்டு ரோட்டில் ஒரு வளைவில், தூறல் விட்ட நேரம், மண் சறுக்கி வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கிடந்தோம், வேறு வண்டி இல்லை, வேறு ஆள் இல்லை. அவர் என்னை உட்கார வைத்து, எந்த ஊரு அண்ணாச்சி என்று கேட்டாராம். நான் அவரை நிமிர்ந்து பார்த்து, எந்த ஊருக்கு டிக்கெட், எத்தனை பேரு என்று கேட்டேனாம். அதற்குப் பிறகுதான் மயங்கிவிட்டேன். இதை அவர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், தையல் இழுத்தது. சிரிக்காதவள் உலகம்மை மட்டும். அவள் கையில் ஒரு சட்டை இருந்தது. என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் போட்டிருந்த சட்டை. பச்சையும் வெள்ளையும் கட்டம் போட்டது, காலர் நைந்தது, என் அளவைவிடப் பெரியது. அது என் சட்டையில்லை. காலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போன மனுஷன் சாயங்காலம் யாருடைய சட்டையிலோ ரோட்டில் கிடந்திருக்கிறேன், நீலச் சட்டை எங்கேயும் இல்லை. அந்தக் கட்டச் சட்டைதான் இப்போது துவைத்து இஸ்திரி போட்டு அவள் மடியிலிருக்கும் துணிப்பைக்குள் இருக்கிறது. ஏன் எடுத்து வந்தாள் என்று கேட்கவில்லை. கேட்டால் ஏதோ ஒன்று ஆரம்பமாகிவிடும் என்று தோன்றியது.

இருபத்தாறு வருஷமாக முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி, எத்தனை வயது, ஆணா பெண்ணா. ஒரு நாளைக்கு இருநூறு பேரிடமாவது எங்கே போறீங்க என்று கேட்பேன், பதில் சொல்லத் திணறுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும், போகிற ஊர் தெரியாமலா வரிசையில் நின்றாய் என்று. இப்போது என்னிடம் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. களக்காட்டுப் பக்கம் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. சிநேகிதர்கள் இல்லை. அந்த ரோட்டில் இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போனதோடு சரி. அப்படியானால் வண்டியை அந்தப் பக்கம் திருப்பியவன் யார்? நான்தான், வேறு யார். ஆனால் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஆள் என்றுதான் வருகிறது. வயிற்று வலி என்று பொய் சொன்ன அந்த ஆள். எனக்குப் பொய் வராது, அதுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடிக்கவெல்லாம் வரவே வராது, பிலவேந்திரன் நம்பும்படி நடித்திருக்கிறான் என்றால் கெட்டிக்காரன்தான். வீட்டில் படுத்துக்கிடந்த நாட்களில் அவனுக்கு ஒவ்வொரு கதையாகக் கட்டிப் பார்த்தேன். ஒரு பெண் இருக்கிறாளோ? இருந்தால் அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவளைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே, செவ்வாய்க்கிழமை முழுதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, மதியம் கத்தரிக்காய்க் கூட்டு வரை. காலை பத்து மணிக்குக் கவுண்டர் முன்னால் வந்து நின்ற யாரையோ பார்த்து எழுந்து போனேனோ? யாருக்காவது ஆபத்தென்று யாராவது கூப்பிட்டார்களோ? யாரையாவது இடித்துவிட்டு ஓடினேனோ, சட்டையில் ரத்தம் பட்டு அதை எறிந்துவிட்டு வேறு சட்டை மாட்டினேனோ? இது தோன்றிய அன்று மத்தியானம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இசக்கியின் நம்பரைப் பிடித்து மறுபடி கேட்டேன், அண்ணாச்சி, சத்தியமா வேற ஆரும் இல்ல, போலீஸ் ஸ்டேஷன்லயும் எழுதிக்கிட்டாவ, நீங்க ஏன் மனசப் போட்டுக் குழப்புதிய என்றார். பயம் போனது. குழப்பம் போகவில்லை. குழப்பம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு மாதிரி ருசி அது. ஐம்பத்துநாலு வயதில் எனக்கே தெரியாமல் எனக்கு ஒரு நாள் நடந்திருக்கிறது. மற்ற நாளெல்லாம் நான் எழுதிக் கொடுத்த மாதிரியே நடக்கும். இந்த ஒரு நாளை மட்டும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஆளின்மேல் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அதை உலகம்மையிடம் எப்படிச் சொல்வது.

சார், இங்க வாங்க, வேடிக்கை பாருங்க என்று ஷமீமா கூப்பிட்டாள். போனின் உள் பலகையைத் தனியே கழற்றி ஒரு பிடிப்பில் மாட்டியிருந்தாள். பச்சையில்லை, கறுப்பு, விரல் நீளம்கூட இல்லை. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவேதான், மத்ததெல்லாம் பேட்டரியும் கண்ணாடியும் என்றாள். அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தபோது ஒரு பெட்டியில் சிவப்பு எண்கள் சட்டென்று ஏறின. ஏறக் கூடாது சார், இவ்வளவு இழுத்தா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம், மழைத்தண்ணி உள்ள போயிருக்கு, எந்த இடம்னு கண்டுபிடிக்கணும். ஒரு சின்னக் குப்பியிலிருந்து ஸ்பிரிட்டைச் சொட்டு சொட்டாகப் பலகைமேல் பரப்பினாள். பலகை முழுக்க ஈரமாகிப் பளபளத்தது. இப்போ கரண்ட் விடுதேன், எந்த இடம் முதல்ல காயுதோ அதான் கெட்ட இடம், அங்கதான் சூடு. நானும் குனிந்தேன். உலகம்மையும் பையோடு எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஈரம் அப்படியே இருந்தது, இருந்தது, பிறகு ஒரு ஓரத்தில் கடுகளவு வட்டம் ஒன்று சட்டென்று காய்ந்தது. அந்தா என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் தலையையும் இப்படி நனைத்து எந்த இடம் காய்கிறது என்று பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும். காதுக்கு மேல் தையல் போட்ட இடத்தில் முடி முள்ளாக முளைத்திருக்கிறது, யோசித்தால் அரிக்கும், இப்போது அரித்தது. ஷமீமா ஒரு கம்பியைச் சுட வைத்து அந்தக் கடுகைக் கிள்ளி எடுக்க ஆரம்பித்தாள், சிறு புகை எழுந்தது. என்ன வாசம் அடிக்கு என்று உலகம்மையிடம் கேட்டேன். விபத்துக்குப் பிறகு எனக்கு வாசனை தெரிவதில்லை, மூக்கு சும்மா ஒரு துளை. ஊதுபத்தியும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. எல்லாவற்றையும் அவளிடம்தான் கேட்கிறேன். பொசுங்கின வாசம், சுண்டக்காய வறுக்கும்போது அடுப்புல விழுந்தா வருமே, அது மாதிரி என்றாள். எவ்வளவு சரியாகச் சொல்கிறாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டச் சட்டையை அவள் முகத்தோடு சேர்த்து வைத்து மோந்து பார்த்தது எனக்குத் தெரியும், கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். மறுநாள் கேட்டேன், சட்டையில் என்ன வாசம் அடித்தது என்று. வேர்வை என்றாள், வேறு எதைக் கேட்டாலும் இரண்டு வரி சொல்கிறவள். நான் வீட்டுக்கு வருவதற்குள் அதைத் துவைத்துவிட்டாள். உலகு, அந்தச் சட்டைல நிசமா என்ன வாசம் அடிச்சுது என்று இப்போது கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. புகையைப் பார்த்துக்கொண்டு, தண்ணி வாசம் என்றாள். பாசி. சேறு.

நாங்கள் ஸ்டூலுக்குத் திரும்பினோம். தண்ணிக்கு ஏது வாசம் என்று கேட்க நினைத்தேன், எனக்கே பதில் தெரியும், வாய்க்கால் தண்ணிக்கு உண்டு, குளத்துத் தண்ணிக்கு உண்டு. அன்று தூறல் மட்டும்தான், தூறலில் பாசி வாசம் வராது. அப்படியானால் தண்ணீருக்குள். அவள் பையின் காதைத் திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தாள். அன்னைக்குக் காலைல நான் ஒண்ணு சொன்னேன் என்றாள். என்ன சொன்ன? உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னு டாக்டர் சொன்னதும் நான் சாமிக்கு நன்றி சொன்னேன், இப்படிச் சொல்லக் கூடாது, ஆனா சொன்னேன். ஷமீமாவின் பக்கமிருந்து கம்பி சீறும் சத்தம். உலகம்மை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், ஏதோ கடையில் சாமான் சொல்கிற மாதிரி வரிசையாக. சென்னையிலிருந்து என் தங்கச்சி கூப்பிட்டா, அவ மாப்பிள்ளையும் அவளும் மலைக்குப் போயிட்டு வந்த படமெல்லாம் அனுப்பிச்சா. நான் உங்ககிட்டக் காட்டினேன். நீங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே, ம், நல்லாருக்குன்னீய, நிமிர்ந்துகூடப் பாக்கல. எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ. இருபத்தாறு வருஷமா கம்பிக்குப் பின்னாடி உக்காந்து ஊரையெல்லாம் அனுப்பி வைக்கிய, நீங்க ஒருநாளாவது எங்கயாவது போயிருக்கியளா, என்னையாவது கூட்டிட்டுப் போயிருக்கியளான்னு கேட்டேன். அதுக்கும் ம்ன்னீய. அதுக்கப்புறம் சொன்னேன். நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்னு. அதுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். ஒண்ணும் சொல்லல, பொத்தானப் போட்டுக்கிட்டு, சாப்பிடாமப் போயிட்டிய.

பக்கத்து வீட்டில் நடந்த சண்டையைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு புருஷன், யாரோ ஒரு பெண்டாட்டி. அவள் சொன்னது நியாயம் என்றுகூடத் தோன்றியது. இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்தச் சொல்லை உள்ளே எடுத்து வைத்துப் பார்த்தேன், வலிக்கிறதா என்று. பல்வலி வந்த இடத்தில் நாக்கால் தொட்டுப் பார்ப்போமே, அப்படி. வலிக்கவில்லை. அன்று வலித்ததா? பொத்தானை அந்த ஆள் மாற்றிப் போட்டானா, கவுண்டரில் உட்கார்ந்து யாருக்கோ நாகர்கோவிலில் இருந்து திருச்சிக்குப் படுக்கை வசதி தேடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் அவனுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததா, பத்தேகால் மணிக்கு அது அவனைத் தூக்கி நிறுத்தியதா? அவள் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், குற்றத்துக்கு ஆளானதாகச் சொல்லப்படுகிறவனை எனக்குத் தெரியாது. மன்னிக்கிற உரிமைகூட எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. விடு, அதெல்லாம் எல்லா வீட்டிலயும் சொல்லுததுதான் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஒத்துக்கொண்ட ஆட்டல் இல்லை. உங்களுக்குத் தெரியாது என்றாள். எது எனக்குத் தெரியாது? அவள் பதில் சொல்வதற்குள் ஷமீமா, அல்லா, வந்துட்டு என்று கையைத் தட்டினாள்.

வேறொரு போனின் திரையை என் பலகையோடு ஒட்டுப் போட்டிருந்தாள், அதில் வெளிச்சம் வந்து, பெயர் வந்து, பூட்டு வந்து நின்றது. நாலு நம்பர் போடுங்க சார், நீங்க போட்டாத்தான் திறக்கும், இந்தக் காலத்துப் போனுல நம்பர் இல்லாம ஆண்டவனே வந்தாலும் படத்த எடுக்க முடியாது. நம்பர் தெரியும், பழைய வீட்டு டெலிபோனின் கடைசி நாலு எண். ஆனால் அந்த ஆள் அன்று காலை அதை மாற்றியிருந்தால்? மாற்றுகிற ஆளாக இருந்தால்? பொய் சொன்னவன், சட்டை மாற்றினவன், நம்பரையும் மாற்ற மாட்டானா? போட்டேன். தவறு என்றது. உலகம்மை என் முழங்கையைப் பிடித்தாள். பதறாதிய சார், ஒட்டுப் போட்ட கண்ணாடி, ஓரத்துல தொட்டா சரியா எடுக்காது, மெள்ள நடுவுல அழுத்துங்க. மறுபடி ஒவ்வொரு எண்ணாக, கவுண்டரில் வயதானவர்களுக்கு டிக்கெட் விவரத்தைப் படித்துக் காட்டுவதுபோல நிதானமாக அழுத்தினேன். திறந்தது. ஆன்லைன் சேமிப்பில் இடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கைதான் முதலில் எழும்பி வந்தது, மாசக்கணக்காக நான் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்த எச்சரிக்கை. அதனால்தான் படங்கள் வேறெங்கும் ஏறிக்கொள்ளாமல் இதற்குள்ளேயே கிடந்தன. உடனே பாக்காதிய சார் என்று ஷமீமா திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எப்போ வேணாலும் அணைஞ்சு போயிரும், முதல்ல கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கிடுவோம். நான் எதையும் திறந்து பாக்க மாட்டேன், எண்ணிக்கை சரியா வருதான்னு மட்டும்தான் பாப்பேன், அது என் வழக்கம். நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. பாதியில் நின்றது. ஷமீமா பலகையைக் கையால் அழுத்திப் பிடித்தாள். மறுபடி நகர்ந்தது. அறுநூற்றுச் சொச்சம் படம். அது முடிந்து அவள் கைப்பிடிப்பைத் தளர்த்திய சிறிது நேரத்தில் ஒட்டுப்போட்ட திரை தானாக இருண்டது. போகட்டும், வேலை முடிஞ்சுது என்று அவள் அதைக் குழந்தை மாதிரி ஒரு பஞ்சுத்துணியில் வைத்தாள். பிறகு கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

தேதிவாரியாக வரிசையாக இருந்தன. கேஸ் சிலிண்டரின் நம்பர், கரண்ட் மீட்டர், மாத்திரை அட்டையின் முதுகு, மறுபடி கரண்ட் மீட்டர். என் ஆறு மாத வாழ்க்கை. இதைப் பார்த்தால் யாரும் இந்த ஆளைத் தேடிக்கொண்டு வர மாட்டார்கள். பிறகு புதன்கிழமை. மணி பதினொன்று முப்பத்தெட்டு: ஒரு ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம், படம் சாய்ந்திருந்தது. பதினொன்று நாற்பது: அதே ரோடு, சாயாமல். அட, ஒரு படத்தை இரண்டு தரம் எடுத்திருக்கிறான், சரியாக வரவில்லை என்று வண்டியை நிறுத்திவிட்டு மெனக்கெட்டிருக்கிறான். நான் அப்படிச் செய்கிறவன் இல்லை. மலை, அதன் தோளில் மேகம். மறுபடி மலை, மேகம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பெஞ்சில் ஒரு டீ கிளாஸ், பக்கத்தில் கடித்த பன். சாப்பிட்டீயளா என்று உலகம்மை வாய்க்குள்ளேயே சொன்னாள். வாழைத்தோட்டம். வாழைத்தோட்டத்துக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. அடுத்த படம் வந்ததும் அவள் கை என் மணிக்கட்டை இறுக்கியது. ஒரு மணி ஆறு நிமிஷம். கிணறு. மேலே நின்று நேரே கீழே பார்த்து எடுத்தது. சதுரக் கிணறு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள், ஆழத்தில் கரும்பச்சைத் தண்ணீர், ஆள் யாரும் இல்லை. அடுத்ததும் அதே கிணறு, இன்னும் பக்கத்தில். அடுத்ததும். அந்தப் படத்தின் கீழ் ஓரத்தில் இரண்டு செருப்பு நுனி தெரிந்தது, விளிம்பில், என் செருப்பு. போதும், மூடுங்க என்றாள் உலகம்மை. வேண்டாம், நான் பாக்க மாட்டேன், மூடுங்க. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறு வாரமாக அவள் பயந்தது வேறொரு பெண்ணுக்கு இல்லை. அவள் சொன்ன சொல்லை எடுத்துக்கொண்டு நான் தண்ணீரைத் தேடிப் போனேன் என்று நினைத்திருக்கிறாள். ஈரச் சட்டையை மோந்த அன்றிலிருந்து இதைத் தனியாக, சமைத்துக்கொண்டு, எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு. அப்படிப் போனேனா? அந்தச் செருப்பு நுனிகளைப் பார்த்தேன். போயிருக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. போயிருப்பேனோ என்று நினைக்கவும் முடியவில்லை. அந்த ஆள் அந்த நிமிஷம் என்ன நினைத்தான் என்பது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. ஆனால் அடுத்த படம் இருந்தது, கீழே வரிசையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு சின்னக் கட்டங்கள் தெரிந்தன. உலகு, நான் இங்க உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், பாரு என்று சொல்லிவிட்டு அழுத்தினேன்.

ஒரு மணி இருபத்திரண்டு. ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். என் வயதிருக்கும், முன்பல் ஒன்று இல்லை, நல்ல கறுப்பு, பச்சையும் வெள்ளையும் கட்டம் போட்ட சட்டை. கையில் மஞ்சள் எண்ணெய்க் கேன், அதில் கயிறு கட்டியிருந்தது. கேனை எனக்கு, அதாவது படம் எடுக்கிறவனுக்கு, நீட்டிக்கொண்டிருந்தான். உலகம்மை மடியிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். அடுத்த படத்தின் ஒரு மூலையை யாருடைய கட்டைவிரலோ மறைத்திருந்தது. மீதியில் தண்ணீர், தண்ணீருக்கு நடுவில் ஒரு தலை. என் தலை. முதுகில் மஞ்சள் கேன், நீச்சல் பழகுகிறவர்கள் மிதக்கக் கட்டிக்கொள்வார்களே, அப்படி. வாய் திறந்திருந்தது, கண் மூடியிருந்தது. இந்த ஊர் ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறவன் நான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எனக்கு மூச்சு முட்டும், அது அவளுக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அடுத்த படத்தில் கையை ஓங்கித் தண்ணீரை அடித்திருந்தேன், முகமே தெரியாத அளவுக்குத் துளிகள். அதற்கடுத்ததில் கல்படியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துச் சிரிக்கிறேன். நான் சிரித்தால் இப்படியா இருப்பேன்? ஈறு தெரிய, கண் காணாமல் போய், ஒரு கிறுக்கன் மாதிரி. பிறகு வாழைமட்டையில் காயப்போட்ட என் நீலச் சட்டை, சொட்டச் சொட்ட. பிறகு கட்டச் சட்டையில் நான், வெறும் பனியனில் அவன், இரண்டு பேருக்கும் நடுவில் இலையில் அவித்த கிழங்கு. பிறகு மலை, மேகம் மலையை முழுதும் மூடியிருந்தது. நாலு மணி ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகு படம் இல்லை.

ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வரும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருப்பேன்போல, படத்தைப் பார்த்ததும் ஒரு சுவர் இடிந்து விழும், குரல் கேட்கும், அவன் பெயர் வரும் என்று. வரவில்லை. கிணற்றில் நீந்துகிறவனை நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கட்டச் சட்டைக்காரன் என்னிடம் என்ன கேட்டான், ஆழத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற ஊர்பேர் தெரியாத ஆளிடம், என்ன அண்ணாச்சி குளிக்கணுமா என்று கேட்டானா, அல்லது வேறு எதையாவது கண்டு பதறி ஓடிவந்து கேனை நீட்டினானா? நீச்சல் தெரியாது என்று அவனிடம் வெட்கப்படாமல் சொன்னேனா? அந்தப் பதினாறு நிமிஷம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. கட்டச் சட்டைக்காரனைத் தேடிப் பிடித்துக் கேட்டால் அவன் பாதியைச் சொல்வான். மறுபாதி எங்கும் பதியாமல் போனதுதான். ஆனாலும் என்னால் திரையை விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை. உலகம்மை அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அழுகை நின்ற பிறகு அவளே கையை நீட்டி மவுஸைப் பிடித்து ஒவ்வொரு படமாகப் பின்னுக்குத் தள்ளினாள், கிழங்கு, நீலச் சட்டை, சிரிப்பு, துளிகள், தண்ணீருக்கு நடுவில் தலை. அங்கே நிறுத்தினாள். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஷமீமா பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது.

"தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?" என்று உலகம்மை கேட்டாள்.

நானும் அவளோடு குனிந்தேன். படத்தில் என் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கழுத்து உள்ளே போயிருந்தது. உதடு பல்லோடு ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

"இருந்திருக்கணும்," என்றேன்.